எங்கள் பெயரைச் சொல்லி அவரைத் தள்ளாதீர்கள்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு அறிவிப்பாக வாசிக்கப்பட்டது. மாதர் சங்கக் கூட்டம், காணிக்கைப் பொருள் ஏலம், அதற்கடுத்து இது. கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று விடுதலையாகி வந்திருக்கும் ஒருவரைச் சபை அட்டவணையில் மறுபடி சேர்ப்பதில்லை. அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுப்பதில்லை. அவருடைய மகளின் திருமணத்துக்கு நம் ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பதில்லை. காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பாதிக்கப்பட்ட குடும்பத்தாரின் மனம் புண்படக் கூடாதாம்.

அந்தக் குடும்பம் நாங்கள்தான். செத்துப்போனவர் என் அண்ணன். இப்படி எழுதலாமா என்று கேட்க உங்களில் ஒருவரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

மறுநாளே குருவானவர் ஐயாவிடம் எழுத்தில் மனு கொடுத்தேன். கமிட்டியில் வைப்பதாகச் சொன்னீர்கள். வைத்தீர்களாம். "அந்த அம்மா ஏதோ மனசு இளகி எழுதியிருக்காங்க" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்களாம். அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் ஆட்பெயர்களையும் விட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்பிள்ளை ஒருத்தி இதில் இருக்கிறாள்; அவள் பெயர் ஊர் வாயில் விழ வேண்டாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கமிட்டியில் இருக்கும் இளைஞர் பிரதிநிதிகளுக்கு அது செவிவழிக் கதை மட்டுமே. வாய்க்கால் வற்றிப்போன ஒரு கோடை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது என்று தகராறு. விடுதலையாகி வந்திருப்பவர் தோட்டமும் என் அண்ணன் தோட்டமும் அடுத்தடுத்து. அவர் காலையிலேயே குடித்திருந்தார். அண்ணன் மடையை அடைத்தார். வார்த்தை தடித்தது. கையில் கிடந்த மம்பட்டியால் அவர் அடித்தார். சோற்றுத் தூக்குவாளியோடு வரப்பில் வந்துகொண்டிருந்த என் மதினி அதைக் கண்ணால் பார்த்தாள். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அண்ணன் போய்விட்டார்.

வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. முன்பே அவர் மிரட்டியிருந்ததைச் சொன்னேன். அப்பீலில் தண்டனை குறைந்துவிடக் கூடாதென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசு வக்கீலுக்குத் துணையாக எங்கள் செலவில் வக்கீல் வைத்தோம். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை, இப்போதும் வருந்தவில்லை. கொலைக்குத் தண்டனை வேண்டும். கிருபை வந்தால் கோர்ட் தீர்ப்பைக் கிழித்துப் போட வேண்டும் என்று எந்த வேதத்திலும் நான் படிக்கவில்லை. அவர் 16 ஆண்டுகள் பாளையங்கோட்டை மத்திய சிறையில் கிடந்தார். அவருடைய தாயார் செத்தபோது போலீஸ் காவலோடு வந்து மண் போட்டுவிட்டுப் போனார். சிறுபிள்ளையாக விட்டுப்போன மகளை, மனைவி பீடி சுற்றி வளர்த்தாள். அந்த வீட்டில் பண்டிகைக்குப் புதுத்துணி வந்ததை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை, அதுவும் உண்மை.

சிறையில் கைதிகள் வேலை செய்து வாங்கும் கூலியில் ஒரு பங்கு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று பிடிக்கப்படும். அப்படிச் சேர்ந்த தொகை ஒருநாள் காசோலையாக மதினிக்கு வந்தது. பெரிய தொகை இல்லை. மதினி அதை வேதப் புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டு வெகு நாள் தொடவில்லை. செல்லாத தேதி நெருங்கிய பிறகு எடுத்துப்போய் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டினாள். "அவன் சம்பாத்தியம் எம்புள்ளைக்குச் செரிக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட கேள்விகளோடு ஒரு குடும்பம் எத்தனை வருடம் இருந்தது என்று தெரியாதவர்கள்தான் எங்கள் மனம் புண்படுமா படாதா என்று வாக்கெடுத்திருக்கிறீர்கள்.

அவர் சிறையிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வசனம் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே அதை நம்பினேன். குடி போதையில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், குடித்ததும் நான்தான், அடித்ததும் நான்தான் என்று எழுதியிருந்தார். மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தகுதியில்லை என்றும் நாடகமாடவில்லை. மதினியின் மகன் பெரியவனாகி வந்து கேட்டால் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுவேன் என்று மட்டும் கடைசியில் இருந்தது.

பிறகு ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், சிறை ஊழியத்துக்குப் போகும் பெண்களோடு நானும் போனேன். யாருக்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. உள்ளே ஆராதனை நடந்தது. தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்திருந்த குருவானவர் அப்பமும் ரசமும் கொடுத்தார். அவர் கை நீட்டி வாங்கினார். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பக்தி வந்தது என்று எழுதினால் பொய். ஆனால் ஐயா, அன்று கம்பிக்குள்ளே நம் திருச்சபையின் குருவானவர் கொடுத்த அதே திருவிருந்தைத்தான் இன்று சொந்த ஊரில் நீங்கள் மறுக்கிறீர்கள். தண்டனை ஓடிக்கொண்டிருந்தபோது தகுதி இருந்ததாம். தண்டனை முடிந்த பிறகு தகுதி போய்விட்டதாம். இது என்ன கணக்கு?

விடுதலையாகி வந்த அந்த வாரத்திலேயே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் ஏறவில்லை, தெருவில் நின்றார். மதினி பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் வெளியே வந்தேன். "வந்து நிக்கணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றார். நானும் அதிகம் பேசவில்லை. "கோயிலுக்கு வாங்க" என்றேன். அப்படிச் சொன்னது நான். அவர் வந்தார். பின் வரிசையில், செருப்பு விடும் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகுதான் உங்கள் தீர்மானம் வந்தது.

மதினியைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவர் வரும் ஆராதனைக்கு அவள் வருவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். கண்ணால் கண்டவள் அவள். மன்னிப்பை யாரும் யார் வாயிலும் ஊட்ட முடியாது. ஆனால் தீர்மானத்தைக் கேட்ட அன்று ராத்திரி அவள் சொன்னதை அவள் அனுமதியோடு எழுதுகிறேன்: "அவன் முகத்துல முழிக்க எனக்கு ஏலாது. அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. எம்பேரச் சொல்லி அவனுக்கு நற்கருணை இல்லன்னு சொல்ல இவங்க யாரு? எம்புருசன் செத்த அன்னைக்கு வந்தவங்க, அதுக்கப்புறம் என்னைக்கு வந்தாங்க?"

இதைவிட அதிகமாக நான் எழுதத் தேவையில்லைதான். ஆனாலும் நீங்கள் வசனம் காட்டியிருக்கிறீர்கள். வசனத்துக்கு வசனத்தாலேயே பதில் சொல்ல வேண்டும்.

தீர்மானத்தில் நீங்கள் எடுத்தது 1 கொரிந்தியர் 5:13. "அந்தப் பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்." சரி. அந்த அதிகாரத்தில் பவுல் யாரைச் சொல்கிறார்? பாவத்தைச் செய்துகொண்டே இருந்த ஒருவனை; அதைப் பார்த்தும் இறுமாந்திருந்த சபையை. அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி என்ன எழுதுகிறார்? "அப்படிப்பட்டவனுக்கு அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்." அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் சொல்லப்படுவது ஒரே மனிதனா, வேறு வேறு ஆளா என்று வேதபண்டிதர்கள் வாதாடட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தள்ளச் சொன்ன அப்போஸ்தலனுக்கு, போதும் என்று சொல்லவும் தெரிந்திருந்தது. உங்கள் தீர்மானத்தில் அந்தப் ‘போதும்’ எங்கே? ஆறு மாதம், மூன்று வருடம் என்று எதுவும் இல்லை. என்ன செய்தால் திரும்பச் சேர்ப்போம் என்றும் இல்லை. கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தவரை அரசாங்கம்கூட விடுதலை செய்திருக்கிறது. நீங்கள் செய்யவில்லை.

மத்தேயு 18:17-ஐயும் ஒரு கமிட்டி அங்கத்தினர் என்னிடம் சொன்னார். சபைக்கும் செவிகொடாதவன் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக" என்று. இந்த மனிதர் எந்தச் சொல்லுக்குச் செவிகொடுக்க மறுத்தார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வரி வசூலிக்கிற ஆயக்காரனை ஆண்டவர் எப்படி நடத்தினார் என்பதற்கு அந்தச் சுவிசேஷத்தின் தலைப்பில் இருக்கும் பெயரே சாட்சி இல்லையா? ஒன்பதாம் அதிகாரத்தில் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவன் யார்? மத்தேயுதானே?

நான் வேலை பார்த்தது மிஷன் பள்ளியில், வரலாற்று ஆசிரியையாக. அந்தப் பழக்கம் விடாது. ஆகவே கொஞ்சம் பழைய காலத்துக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலை செய்தவனைச் சபை என்ன செய்வது என்ற கேள்வி நம் சேகரத்தில் முதன்முதலாக முளைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பேசில் இதற்கு விதியே எழுதியிருக்கிறார். மனதறிந்து கொலை செய்து மனந்திரும்பியவனுக்கு 20 ஆண்டுகள். 4 ஆண்டு ஆலய வாசலுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்க வேண்டும், உள்ளே போகிறவர்களிடம் தனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 5 ஆண்டு வசனம் மட்டும் கேட்கலாம். 7 ஆண்டு முழங்காலில் நின்று ஜெபிக்கிறவர்களோடு. 4 ஆண்டு விசுவாசிகளோடு நிற்கலாம், அப்பம் கிடையாது. அதற்குப் பிறகு திருவிருந்து. கொடூரமாகத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் அவன் ஆலயத்துக்குள்ளே கொஞ்சம் நெருங்கிக்கொண்டே வருகிறான். 20 முடிந்ததும் திருவிருந்து மேசை. அத்தனை கண்டிப்பான காலத்துச் சபையே முடிவுத் தேதி வைத்துத்தான் தண்டித்தது.

முடிவுத் தேதி வைக்காதவர்களும் இருந்தார்கள். டேசியு பேரரசனின் உபத்திரவத்தில் பயந்து விசுவாசத்தை மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று 251-ல் ரோமில் நோவாசியன் பிரிந்துபோனார். அவர் வழியில் வந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சுத்தர்’. 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் தன் எட்டாம் விதியில், அவர்கள் திருச்சபைக்குத் திரும்ப வேண்டுமானால், விழுந்து எழுந்தவர்களோடும் ஐக்கியம் வைப்போம் என்று முதலில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. கவனியுங்கள். எழுதிக்கொடுக்கச் சொன்னது பாவியிடம் இல்லை, சுத்தரிடம். அந்தக் கூட்டத்தில் நோவாசியப் பேராயர் அசேசியு, ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரும்பாவம் செய்தவனுக்குத் திருவிருந்து கூடாது என்று விளக்கியபோது, கான்ஸ்டன்டைன் பேரரசன் சொன்ன பதிலைச் சரித்திரக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்: அப்படியானால் ஓர் ஏணியைச் சாத்தி நீர் மட்டும் பரலோகத்துக்கு ஏறிப்போம். அரசியல்வாதி சொன்னதுதான். ஆனாலும் நம் கமிட்டி அறையில் எழுதி மாட்டலாம்.

ரோம், நிசேயா எல்லாம் தூரம் என்பீர்கள். நம் பெரியவர்கள் கையில் இருந்த ஜெபப்புத்தகத்துக்கே வருவோம். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை நம் பாட்டன்மார் ஆங்கிலிக்கன் முறைமையில்தான் வளர்ந்தார்கள். 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் திருவிருந்து முறைமை தொடங்கும் முன்பு குருவானவருக்குச் சில கட்டளைகள் இருக்கின்றன. பகிரங்கப் பாவியைத் திருவிருந்துக்கு வராதபடி எச்சரிக்கலாம், அவன் மனந்திரும்பியதை வெளிப்படையாக அறிவிக்கும்வரை. இந்த ‘வரை’ அங்கேயும் இருக்கிறது. அடுத்த கட்டளை எங்கள் வழக்குக்கே எழுதினாற்போல் இருக்கிறது. இருவருக்குள் பகை இருந்து, ஒருவர் மனப்பூர்வமாய் மன்னிக்கவும் தன் பிழையைச் சரிசெய்யவும் ஆயத்தமாயிருந்து, மற்றவர் பிடிவாதமாயிருந்தால், மனந்திரும்பினவரைத் திருவிருந்துக்குச் சேர்க்க வேண்டும், பிடிவாதக்காரரைச் சேர்க்கக் கூடாது. இதன்படி பார்த்தால் எங்கள் வீட்டார் பிடிவாதமாக இருந்தாலும்கூட நீங்கள் அவரைத் தடுக்க முடியாது. நாங்களோ பிடிவாதமாகவும் இல்லை.

திருநெல்வேலித் திருச்சபை யாரிலிருந்து தொடங்கியது என்பதையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். கிளாரிந்தா அம்மையார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின் மறுபடி கேட்டார். 1778-ல் ஞானஸ்நானம் கிடைத்தது. மறுத்ததற்குக் காரணம் இருந்தது. காரணம் தீர்ந்ததும் மறுப்பும் தீர்ந்தது. 1780-ல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட முதல் சபை அட்டவணையில் 40 பேர். தலையில் அவர் பெயர். 1785-ல் பிரதிஷ்டையான, ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்த ஆலயத்தைக் கட்டியவரும் அவர்தான். பழைய வாழ்க்கையைச் சொல்லி அந்தப் பெயரை அன்றைக்கு ஒரு கமிட்டி அடித்திருந்தால், இன்று தீர்மானம் போட நம் அட்டவணையில் நாம் யாரும் இருந்திருக்க மாட்டோம்.

இன்னும் ஒன்று. வருடந்தோறும் சாம்பற் புதன் அன்று 51-ஆம் சங்கீதத்தைச் சபையாக வாசிக்கிறோம். "தேவனே, என்னை இரட்சிக்குந் தேவனே, இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்ற வரி வரும். தன் போர்வீரன் உரியாவைக் கொல்ல வைத்த தாவீது ராஜாவின் ஜெபம் அது. நம்மில் எல்லாரும் அதை ராகமாய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நம் சபையில் அந்த வரியைத் தன் சொந்த வரியாகச் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் அட்டவணையில் இல்லை என்கிறீர்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இரண்டாம் திருமொழி, இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசு, அதைப் பேசுவதற்குக் கமிட்டியில் போட்டியே நடக்கும். போன முறை பேசியவர் இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர். நல்ல பிரசங்கம், குறை சொல்ல முடியாது. அந்தக் கள்ளன் சிலுவையிலிருந்து இறங்கி உயிரோடு ஊருக்குத் திரும்பி வந்திருந்தால் அவனை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

சபையின் பெயர் கெட்டுப்போகும் என்று சிலர் சொன்னதாகக் கேள்வி. கமிட்டித் தேர்தலில் ஆலய வளாகத்துக்குள்ளேயே மண்டை உடைந்து போலீஸ் வந்தபோது கெடாத பெயரா? மீட்டர் வட்டிக்கு விடுகிறவர்கள் முன் பெஞ்சில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகைக்கு அவர்கள் கொடுக்கிற அரிசி மூட்டைக்கு நோட்டீஸில் பெயர் போடுகிறோம். இத்தனை வருடங்களில் எத்தனை ஓலை வாசித்திருப்போம். எந்த மாப்பிள்ளை வீட்டாரிடமாவது வரதட்சணை வாங்கினீர்களா என்று கேட்டு ஓலையை நிறுத்தியதுண்டா? அவர்களை எல்லாம் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிற அதே கிருபையில் இவருக்கு மட்டும் இடம் எப்படி இல்லாமல் போயிற்று என்றுதான் கேட்கிறேன். "பாவிகளை இரட்சிக்க கிறிஸ்து இயேசு உலகத்தில் வந்தார்" என்று எழுதிய பவுல், "அவர்களில் பிரதான பாவி நான்" என்று முடித்தார். பிரதான பாவி அந்தப் பின் பெஞ்சுக்காரன் என்று முடிக்கவில்லை. கிறிஸ்துவுக்காக முதலில் இரத்தசாட்சியான ஸ்தேவானைக் கொன்றவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்ற கால்கள் பவுலுடையவை.

திருவிருந்துக்கு யார் தகுதி என்று தீர்க்கும் அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது வேதம். ஒவ்வொரு திருவிருந்திலும், உம்முடைய மேசையின் கீழ் விழுகிற துணிக்கைகளுக்கும் நாங்கள் பாத்திரர் அல்ல என்ற பொருளில் எல்லாரும் முழங்காலில் நின்று சொல்கிறோம். அதைச் சொல்லி முடித்த வாயோடு எழுந்து, பாத்திரவான்களின் பட்டியல் போட முடியுமா ஐயா?

"உலகத்தில் எங்காவது நடக்கிற காரியமா, கொன்றவனும் கொல்லப்பட்டவன் வீட்டாரும் ஒரே கோயிலில்?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். நடந்திருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளோடு வேலை செய்தவர், 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் போகும்போது, அதில் வந்த சமந்தர் சிங் என்பவரால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய சொந்தத் தங்கை, செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரீ, 2002-ல் சிறைக்குப் போய்க் கொன்றவர் கையில் ராக்கி கட்டிச் சகோதரன் என்றார். 2006-ல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவை முத்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின நிலைக்கு உயர்த்தி, அறிவித்த விழாவில் கொன்றவரும் இருந்தார். நான் செல்மி இல்லை. ராக்கி கட்டுகிற அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை, இனி வருமோ என்னவோ. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே, சில பெஞ்சுகள் தள்ளி, அவரும் நானும் ஒரே பாத்திரத்தில் குடிக்க என்னால் முடியும். அதைத் தடுக்க உங்களுக்கு என்னை விட அதிகம் வலிக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக அந்தப் பெண்பிள்ளை. அவள் நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் படித்து, திடப்படுத்தல் எடுத்து, பாடகர் குழுவில் பாடுகிறவள். அவளுக்கு ஓலை வாசிக்க மறுப்பதற்கு அவளிடம் நீங்கள் கண்ட குற்றம் என்ன? தகப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. மகளுக்கும் அதுதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத தயக்கம் அவளை வளர்த்த சபைக்கு வந்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

தீர்மானத்தை அடுத்த கமிட்டியிலேயே ரத்து செய்யுங்கள். ரத்து செய்வதற்கு முன்பு, அப்படி ஒரு தீர்மானத்தைக் கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் கேட்கவில்லை, அவர்களிடம் யாரும் விசாரிக்கவும் இல்லை என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். அறிவிப்புகளோடு அறிவிப்பாக வாசித்ததை, அதே இடத்தில், அதே சத்தத்தில், ரத்தானதாகவும் வாசியுங்கள்.

அவருடைய பெயரைச் சபை அட்டவணையில் சேருங்கள். சபை முன்பாக மனந்திரும்புதலை அறிவிக்க வேண்டும் என்று முறைமை இருந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள், செய்வார். அதற்கு ஒரு தேதியும், அதற்குப் பின் திருவிருந்துக்கு ஒரு தேதியும் குறித்துக் கொடுங்கள். அதற்கு மேலும் விலக்கி வைக்க வேண்டும் என்று நினைத்தால், எந்த விதியின்படி, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிப் பேராயர் அவர்களுக்கு அனுப்புங்கள். பிரதி ஒன்று அவருக்கும் ஒன்று எனக்கும் தாருங்கள்.

மகளின் ஓலையை வரும் மூன்று ஞாயிறுகளில் வாசியுங்கள். இதற்கு அடுத்த கமிட்டிவரை காத்திருக்க வேண்டாம். கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது.

என் மதினிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அவர் முதல் ஆராதனைக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறார். மதினி இரண்டாம் ஆராதனைக்கு வருவாள். மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டு ஆராதனையிலும் திருவிருந்து இருக்கும்படி செய்யுங்கள், இரண்டு பேரில் ஒருவர் பட்டினியாகத் திரும்பாதபடிக்கு. குருவானவர் ஐயா ஒருமுறை வீட்டுக்கு வந்து அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். மன்னித்துவிடு என்று சொல்ல வராதீர்கள். அவள் சொல்வதைக் கேட்க வாருங்கள். அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

நம் சேகரத்திலிருந்து சிறைக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சிறையில் மனு போட்டு அவர்களைப் பார்க்கப் போக பஸ் காசுக்குக் கஷ்டப்படுகிறார்கள். அசன நிதியில் மிச்சமாவதில் கொஞ்சம் அதற்கு ஒதுக்குங்கள். விடுதலையாகி வருகிறவர்களைச் சபையில் சேர்ப்பதற்கு ஒரு நடைமுறையை எழுதி வையுங்கள். எழுதுகிற குழுவில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தியாவது இருக்கட்டும். யாரும் முன்வராவிட்டால் நான் வருகிறேன்.

கமிட்டி கூடுகிற நாளையும் நேரத்தையும் எனக்குத் தெரிவியுங்கள். மதினியும் நானும் வருகிறோம். வெளியே உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கொல்லப்பட்டவரின் தங்கை,
உங்கள் சபை அட்டவணையில் உள்ளவள்